நாகூர்ச் சாலை: மஸாலிக்கும் மமாலிக்கும்

அரபு மொழியில் நிலநூல் வரைந்த பேரறிஞர்கள் தம் நூல்களுக்கு இட்ட பெயர்களுள் ‘அல் மஸாலிக் வல் மமாலிக்’ என்பது புகழ் வாய்ந்ததாகும். ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் அப்பாசியப் பேரரசின் அஞ்சல் துறையில் உயர் பொறுப்பு வகித்த இப்னு குர்தாத்பிஹ் என்பார் இப்பெயரால் ஒரு நூல் செய்தார். அவருக்குப் பின் இஸ்தக்ரீ அவர்களும், அந்தலூசிய நாட்டு அல்பக்ரீ அவர்களும் அதே பெயரைத் தம் நூல்களுக்குச் சூட்டினர். ‘வழிகளும் அரசுகளும்’ என்பது இதன் பொருள். வழிகள் முன்னே நிற்கின்றன. அரசுகள் பின்னே வருகின்றன. அஞ்சல் துறையினருக்கு இது இயல்பான வரிசையே. எந்த ஊரை எவர் ஆண்டாலும், அவ்வூருக்கும் அடுத்த ஊருக்கும் இடையிலுள்ள தொலைவு அப்படியே இருக்கும். குதிரைக்குத் தண்ணீர் காட்டும் கிணறும் அங்கேயே இருக்கும்.

நம் நாட்டு வரலாற்று நூல்களோ பெரும்பாலும் அரசுகளை முன்வைத்தே எழுதப்பெற்றவை. எந்த ஆண்டில் எந்த மன்னர் முடிசூடினார் என்பதை நம் பிள்ளைகள் மனனம் செய்கின்றனர். தாம் நாள்தோறும் நடந்து செல்லும் சாலை எவ்வாறு வந்தது, அதன்மேல் யார் யார் நடந்தனர் என்று கேட்டால் விடை கூற இயலாது திகைக்கின்றனர். ஆதலின் இக்கட்டுரையில் நாம் அந்த அரபு ஆசிரியர்களின் வரிசையைக் கைக்கொண்டு, ஒரு சிறு சாலையின் வரலாற்றைக் காண முற்படுகின்றோம். காரைக்காலிலிருந்து தெற்கே திருமலைராயன்பட்டினம், போலகம், வாஞ்சூர் ஆகிய ஊர்களின் பக்கமாகச் சென்று நாகூரை அடையும் சாலை அது. நீளம் ஏறத்தாழ 12 கிலோமீட்டர்தான். ஆயினும், இத்துணைச் சிறிய வழியில் இத்துணை அரசுகள் வந்து மறைந்ததற்கு நிகரான இடத்தைக் காண்பது அரிது.

சாலை செல்லும் வழி

காரைக்கால், புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த, ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சிறு நிலப்பகுதி. கிழக்கே வங்கக் கடல். ஏனைய மூன்று பக்கங்களிலும் தமிழ்நாடு. அதன் தலைநகராகிய புதுச்சேரியோ வடக்கே நூற்று முப்பது கிலோமீட்டர் அளவு தள்ளியிருக்கிறது. தரங்கம்பாடிப் பக்கமிருந்து வரும் கடற்கரைச் சாலை நந்தலாற்றைக் கடந்து இப்பகுதியினுள் நுழைகிறது. காரைக்கால் நகரில் அரசலாற்றைத் தாண்டித் தெற்கே திரும்பி, திருமலைராயன்பட்டினத்தை அடைகிறது. அந்தக் கொம்யூனைச் சேர்ந்த ஊர்களுள் ஒன்றே போலகம். நெல் விளையும் பூமியாகிய இவ்வட்டாரத்தில் இன்று தொழிற்பேட்டை ஒன்றும் அமைந்துள்ளது. பின்னர் வாஞ்சூர்; வாஞ்சூரைக் கடந்தால் தமிழ்நாட்டு எல்லை; எல்லையை ஒட்டியே நாகூர்.

நாகூரில் மேற்கேயிருந்து மற்றொரு சாலையும் வந்து கலக்கிறது. குத்துவிளக்குக்குப் பெயர்போன நாச்சியார்கோயிலில் தொடங்கி, நன்னிலம் வட்டாரத்தைக் கடந்து, திருப்புகலூர், திருமருகல் வழியாக வரும் அச்சாலைக்கு மாநில நெடுஞ்சாலை 67 என்பது எண். கடற்கரைச் சாலைக்கு முன்னர் தேசிய நெடுஞ்சாலை 45அ என்ற எண் இருந்தது. புதிய வரிசையில் அது 32 ஆயிற்று. உள்நாட்டு நெல்லும் பித்தளையும் ஒரு சாலையால் வந்தன; கடற்கரைத் துறைமுகங்களின் செய்தியும் சரக்கும் மற்றொரு சாலையால் வந்தன. இரண்டும் சந்திக்கும் முனையில் எழுந்த ஊர் நாகூர் என்பதை நினைவிற் கொண்டால், அவ்வூரின் வாணிபச் சிறப்புக்குக் காரணம் எளிதில் விளங்கும்.

மணல்மேடும் ஆற்றுமுகமும்

காவிரிப் படுகையின் உட்பகுதி களிமண் நிலம். மழைக்காலத்தில் வண்டிச் சக்கரம் அச்சுவரை புதையும். கடலோரத்திலோ, கரைக்கு இணையாக நீண்டு கிடக்கும் மணல்மேடுகள் நீர் தேங்காமல் உயர்ந்து நிற்கின்றன. ஊர்கள் அம்மேடுகளின்மேல் எழுந்தன. வழியும் ஊர்களைத் தொடர்ந்து சென்றது. எவரும் திட்டமிட்டு வகுக்கும் முன்னரே, நிலத்தின் இயல்பே கடற்கரை வழியை வகுத்துவிட்டது எனலாம்.

ஆயின், அவ்வழிக்கு ஓர் இடர் இருந்தது. காவிரியின் கிளைகள் அனைத்தும் கடலை நோக்கியே ஓடுகின்றன. ஆகவே கடலோரமாக நடப்பவர் அவை ஒவ்வொன்றையும் கடந்தாக வேண்டும். நந்தலாறு, அரசலாறு, திருமலைராஜனாறு, புரவடையனாறு, நாகூரை அடுத்த வெட்டாறு என வரிசையாக ஆறுகள் குறுக்கிடுகின்றன. பாலங்கள் எழும்முன் வெள்ளக் காலத்தில் ஓடக்காரரே வழியின் அதிபதி. எனவேதான் இக்கரையில் சத்திரங்களும் சாவடிகளும் பெரும்பாலும் ஆற்றை ஒட்டியே எழுந்தன. அக்கரை செல்லக் காத்திருப்போருக்கு நிழலும் நீரும் வேண்டுமல்லவா?

அரபு வணிகர்கள் சோழமண்டலக் கரைக்கு இட்ட பெயரும் இவ்விடத்தில் எண்ணத்தக்கது. அவர்கள் இதனை ‘மஃபர்’ என்றனர். கடக்கும் இடம், துறை என்பது அச்சொல்லின் பொருள். கடல் கடந்து வந்தவர் இறங்கும் துறையாகவும், கடல் கடக்கப் போவோர் ஏறும் துறையாகவும் இக்கரையை அவர்கள் கண்டனர். அரசர் பெயராலோ குலத்தின் பெயராலோ அழைக்காமல், மக்கள் செய்யும் செயலால் ஒரு நாட்டுக்குப் பெயரிட்டது எவ்வளவு பொருத்தம்!

திருமலைராயன்பட்டினம் எனும் பெயர், 15ஆம் நூற்றாண்டில் விசயநகர ஆட்சியின்கீழ் இப்பகுதியை ஆண்ட திருமலைராயனை நினைவூட்டுவது. அவ்வூர் ஆற்றுக்கும் அவர் பெயரே வழங்குகிறது. காளமேகப் புலவர் அவர் அவைக்கு வந்து, அதிமதுர கவிராயரோடு யமகண்டம் பாடி வென்றார் என்றும், தமக்கு இழைத்த அவமதிப்புக்காக ஊர் மண்மாரியால் அழியும்படி வசைபாடினார் என்றும் தமிழ் மரபு கூறும். கதை எவ்வாறாயினும், கடற்காற்று மணலை வாரி இறைக்கும் கரையில் அக்கதை பிறந்ததில் வியப்பில்லை. மணல் மூடுவதும், மக்கள் அதனை அகற்றி மீண்டும் குடியேறுவதும் இவ்வூர்களின் பழைய வாழ்க்கை.

ஒரு மன்னர், இரு கொடைகள்

தரங்கம்பாடியிலிருந்து நாகப்பட்டினம் வரை, முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட இக்கடற்கரையில், மூன்று ஐரோப்பிய நாட்டார் அடுத்தடுத்துக் கொடி நாட்டினர். 1620ல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் உரிமை பெற்று டேனியர் தரங்கம்பாடியில் கோட்டை கட்டினர். போர்த்துக்கீசியரிடமிருந்து 1658ல் டச்சுக்காரர் நாகப்பட்டினத்தைக் கைப்பற்றினர். இவ்விரண்டுக்கும் இடையில் ஒரு துறையைத் தேடிய பிரெஞ்சுக்காரர், தஞ்சை மராட்டிய மன்னர் சாகுஜியிடம் 1738ல் காரைக்காலைக் கேட்டனர். ஒப்புக்கொண்ட மன்னர் பின்னர் தயங்கவே, சந்தா சாகிபின் துணையோடு 1739 பிப்ரவரியில் அவர்கள் காரைக்காலில் கால் ஊன்றினர்.

அதே 1739ல் தஞ்சை அரியணை ஏறியவர் பிரதாப சிங்கர். அவருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் இடையே நிலத்தைக் குறித்தும் பணத்தைக் குறித்தும் நீண்ட பேச்சுகள் நிகழ்ந்தன. முடிவில் 1750 ஜனவரியில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி காரைக்காலைச் சூழ்ந்த 81 கிராமங்கள் பிரெஞ்சுக்காரர் வசமாயின. இன்றைய காரைக்கால் எல்லையின் உருவம் பெரும்பாலும் அக்காலத்து வரவு செலவிலிருந்து பிறந்ததே. கடனுக்கும் குத்தகைக்கும் ஈடாகக் கைமாறிய கிராமங்கள் பின்னர் இரு நாடுகளின் எல்லையாயின.

இதே பிரதாப சிங்கரே, சாலையின் தென்முனையாகிய நாகூரில், ஷாஹுல் ஹமீது ஆண்டகை (ரஹ்) அவர்களின் தர்காவில் 131 அடி உயரமுள்ள பெரிய மனோராவை எழுப்பினார். மகப்பேறு வேண்டி நேர்ந்துகொண்டு அதனைக் கட்டினார் என்பது வழிவழி வந்த செய்தி. ஆண்டகை அவர்களுக்கு நிலம் வழங்கியவர் தஞ்சை நாயக்கர் அச்சுதப்பர் என மரபு கூறும். நாயக்கருக்குப் பின் வந்த மராட்டியரும் அந்த மதிப்பை விடாது போற்றினர். ஒரே மன்னர் சாலையின் ஒரு முனையில் நெருக்கடியால் கிராமங்களை இழந்தார். மறுமுனையில் மனமுவந்து மனோராவை எழுப்பினார். கிராமங்களைப் பெற்ற பிரெஞ்சு ஆட்சி 1954ல் நீங்கியது. மனோரா இன்றும் கடலில் செல்வோர்க்கு அடையாளமாக நிற்கிறது.

படை நடந்த சாலை

இச்சாலையில் யாத்திரிகர் மட்டுமே நடந்தனர் என்றெண்ணிவிடலாகாது. 1758ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், கடலூரை அடுத்த செயின்ட் டேவிட் கோட்டையை வென்ற பிரெஞ்சுத் தளபதி லாலி, தஞ்சை மன்னரிடம் பழைய கடனைக் கேட்டுப் பெறும் நோக்கோடு தென்திசை நோக்கிப் படை நடத்தினார். ஆறுகள் குறுக்கிடும் கடற்கரை வழியில், போதிய உணவும் சுமை வண்டியும் இன்றி அப்படை காரைக்காலை அடைந்தது. அங்கிருந்து நாகூருக்குள் புகுந்தது. வணிகர் பலர் தம் விலையுயர்ந்த பொருள்களை முன்னரே அப்புறப்படுத்தியிருந்தனர். எஞ்சிய சரக்குகள் பறிபோயின. அடுத்து கீழ்வேளூர்க் கோயிலில் புகுந்தும் செல்வம் தேடினர். ஆகஸ்டில் தஞ்சைக் கோட்டையை முற்றுகையிட்டனர். அதற்குள் ஆங்கிலக் கப்பற்படை காரைக்காலுக்கு அருகே தோன்றியது என்ற செய்தி எட்டவே, முற்றுகையைக் கைவிட்டுக் காரைக்காலுக்குத் திரும்பினர். அந்தத் தளபதி 1766ல் பாரிசில் தம் நாட்டாராலேயே மரண தண்டனைக்கு ஆளானார்.

1760ல் ஆங்கிலேயர் காரைக்காலைக் கைப்பற்றினர், பின் திருப்பிக் கொடுத்தனர், மீண்டும் கைப்பற்றினர். ஐரோப்பாவில் போர் மூண்டால் இங்கே கொடி மாறும். அங்கே உடன்படிக்கை எழுதினால் இங்கே மீண்டும் மாறும். 1781ல் ஹைதர் அலியின் குதிரைப் படை தஞ்சைச் சீமையில் பரவியது. அவ்வாண்டு நவம்பரில் நாகப்பட்டினம் டச்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியது. 1799ல் தஞ்சை நாடும், 1845ல் விலைக்குத் தரங்கம்பாடியும் ஆங்கிலேயர் வசமாயின. 1817 ஜனவரியில் பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பிய காரைக்கால் மட்டும், நாற்புறமும் ஆங்கில ஆட்சியும் கடலும் சூழத் தனித்து நின்றது. இத்துணை மாற்றங்களுக்கிடையே போலகத்து உழவர் நெல் மூட்டையை எந்தச் சாலையில் சந்தைக்கு ஏற்றிச் சென்றார்? அதே சாலையில்தான்.

கடல் கடக்கச் சென்றோர்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இச்சாலை வேறொரு கூட்டத்தையும் கண்டது. பிரெஞ்சுக் காலனிகளில் அடிமை முறை 1848ல் ஒழிக்கப்பட்டபின், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. ரெயூனியன், குவாடலூப், மர்தினிக் தீவுகளுக்குக் கூலியாட்களை ஏற்றிய துறைகளுள் காரைக்காலும் ஒன்று. ஆங்கில ஆட்சிக்குட்பட்ட ஊர்களிலிருந்தும் ஆள் சேர்க்க 1860, 1861ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகள் வழி செய்தன. தஞ்சைச் சீமையின் ஏழைக் குடிகள் பலர் எல்லை தாண்டிக் காரைக்கால் வந்து கப்பலேறினர். ரெயூனியனுக்கு அனுப்புவது 1882ல் நிறுத்தப்பட்டது. திரும்பி வராதவர் பலர். அவர் தம் நாட்டில் கடைசியாக மிதித்த மண் இந்தச் சாலைகளின் மண்ணே.

நம்மவரின் கடற்பயணமோ வேறு வகையானது. மரைக்காயர்களின் மரக்கலங்கள் நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால் துறைகளிலிருந்து பினாங்குக்கும் அச்சைக்கும் சிங்கப்பூருக்கும் துணியும் நெல்லும் ஏற்றிச் சென்று, பாக்கும் மிளகும் கொண்டுவந்தன. சென்ற இடங்களில் எல்லாம் நாகூரின் நினைவைக் கொண்டு சென்றனர் என்பதற்குப் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் உள்ள நாகூர் தர்காக்கள் சான்று. சிங்கப்பூரில் அது 1828க்கும் 1830க்கும் இடையே கட்டப்பெற்றது. பிரெஞ்சு ஆட்சியின் தொடர்பால் காரைக்கால், புதுவை முஸ்லிம்கள் சைகோன் நகரத்துக்கும் சென்றனர். அந்நகரின் நடுவே 1935ல் எழுந்த பள்ளிவாசல் தென்னிந்திய முஸ்லிம்களின் உழைப்பால் எழுந்ததே. பின்னாளில் ‘ரஜூலா’ கப்பல் 1973 வரையிலும், அதன்பின் ‘சிதம்பரம்’ கப்பல் 1985ல் தீ விபத்துக்குள்ளாகும் வரையிலும் மலாய் நாட்டுப் பயணிகளை ஏற்றிச் சென்றன. அக்காலத்தில் காரைக்காலிலிருந்தும் திருமலைராயன்பட்டினத்திலிருந்தும் நாகப்பட்டினத் துறைக்குச் செல்லும் வண்டிகளில் ஏறியவர்க்கு ஊரார் ஸலாம் கூறி விடைகொடுத்ததும் இச்சாலையில்தான். வெளிநாட்டுப் பணத்தால் எழுந்த பள்ளிகளும் வீடுகளும் இக்கரை ஊர்களில் இன்றும் காணக் கிடைக்கின்றன.

சுங்கச் சாவடிக் காலம்

எல்லை என்பது வரைபடத்தில் ஒரு கோடு. சாலையில் அது ஒரு சாவடி. காரைக்காலுக்கும் நாகூருக்கும் இடையே இருந்த எல்லை எவ்வளவு வலிமை உடையது என்பதை இரயில் பாதையின் கதையே கூறும். பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு 1898ல் இரயில் வந்தது. நாகப்பட்டினத்திலிருந்து நாகூருக்கு 1899ல் இரயில் வந்தது. ஓராண்டு இடைவெளியில் வந்த இரு பாதைகளின் முனைகளுக்கும் இடையே மிஞ்சியது 11 கிலோமீட்டர்தான். அதனை இணைக்கும் அகலப் பாதை 2011ஆம் ஆண்டிலேதான் திறக்கப்பெற்றது. நூற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள் அந்த இடைவெளியை நிரப்பியவை இச்சாலையும் அதன்மேல் ஓடிய மாட்டு வண்டிகளும், பின் வந்த பேருந்துகளுமே. பேரளம் பாதையும் 1980களின் பிற்பகுதியில் மூடப்பட்டபோது காரைக்கால் மக்கள் சாலையையே முழுதும் நம்பி வாழ்ந்தனர்.

1941ல் ஆங்கில இந்தியாவுக்கும் பிரெஞ்சு இந்தியாவுக்கும் சுங்க ஒப்பந்தம் ஏற்பட்டு, எல்லைச் சோதனை தளர்ந்தது. நாடு விடுதலை பெற்றபின், 1949ல் அவ்வொப்பந்தம் முடிவுக்கு வரவே, சாவடிகள் மீண்டும் இறுகின. தம்பி வீடு ஒரு நாட்டில், தமக்கை வீடு மறு நாட்டில் என்ற நிலை. நாகூருக்குப் பெண் கொடுத்த திருமலைராயன்பட்டினத்துக் குடும்பம் சீர் வரிசையைச் சோதனைக்குக் காட்டித்தான் செல்ல வேண்டும். இன்னொரு பக்கம் வெளிநாட்டுப் பொருள்களைக் கள்ளத்தனமாகக் கடத்துவோருக்கும் அவ்வெல்லை வாழ்வளித்தது. விடுதலை இயக்கத்தார் அதே எல்லையைக் கடந்து ஊர்வலம் சென்றனர்.

1954 அக்டோபர் 18 அன்று புதுச்சேரியை அடுத்த கீழூரில் மக்கட் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தனர். இந்தியாவுடன் இணைய 170 பேர் இசைந்தனர். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்டு 16 அன்று நிறைவேறியது. காரைக்காலில் பிறந்து, மாணவப் பருவத்திலேயே விடுதலைப் போரில் ஈடுபட்ட எம்.ஓ.எச். பாரூக் மரைக்காயர் 1967ல் புதுச்சேரியின் முதலமைச்சரானார் என்பதும் இங்குக் குறிக்கத்தக்கது. அந்நிய எல்லை நீங்கியது. மாநில எல்லை நிலைத்தது. அதன் பயன்களுள் ஒன்று கசப்பானது. வரி வேறுபாட்டால் மது மலிவாகக் கிடைக்கவே, நாகூரின் வாசலாகிய வாஞ்சூரில் மதுக்கடைகள் பெருகின. ஆண்டகை அவர்கள் தவமிருந்த தலமாகப் போற்றப்படும் ஊர் வாஞ்சூர். அங்குக் குடித்துவிட்டு வண்டி ஓட்டுவோரால் அவ்வழியே நடப்போருக்கு நேரும் ஆபத்தை எண்ணும்போது நெஞ்சம் நோகிறது.

நடைப் பயணிகளின் சாலை

ஆண்டுதோறும் ஜமாதுல் ஆகிர் மாதத்தில் நாகூர்க் கந்தூரி தொடங்குகிறது. முதற்பிறையில் கொடியேறி, பத்தாம் இரவில் நாகப்பட்டினத்திலிருந்து சந்தனக்கூடு புறப்பட்டு நாகூர் வந்து சேர்கிறது. அந்நாட்களில் காரைக்கால் பக்கத்து ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் வருகின்றனர். நாகூரில் வாழ்ந்த மகாவித்துவான் குலாம் காதிறு நாவலர் (1833–1908) நாகூர்ப் புராணமும் நாகூர்க் கலம்பகமும் பாடி இத்தலத்தைத் தமிழிலக்கியத்தில் நிலைபெறச் செய்தார்.

ஆனால் இச்சாலை நமக்கு மட்டும் உரியதன்று. ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரை நிகழும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குச் சென்னை, புதுச்சேரிப் பக்கங்களிலிருந்து பல்லாயிரவர் காவியுடை தரித்து, இதே சாலையில் பல நாள் நடந்து வருகின்றனர். இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை சனிப்பெயர்ச்சிக்குத் திருநள்ளாறு செல்வோர் கூட்டமும் இவ்வட்டாரச் சாலைகளையே நிரப்புகிறது. மூன்று சமயத்தாரின் பாதங்களும் ஒரே மண்ணில் பதிகின்றன. களைத்து வரும் பயணிக்கு மோரும் தண்ணீரும் கொடுப்பவர் அவர் எந்தத் தலத்துக்குச் செல்கிறார் என்று கேட்பதில்லை. இஸ்லாமிய மரபில் வழிப்போக்கர், ‘இப்னு ஸபீல்’, அதாவது ‘வழியின் மகன்’ என அழைக்கப்படுகிறார். ஸக்காத்தைப் பெறத் தகுந்த எட்டு வகையினருள் அவரும் ஒருவர். வழியையே தாயாகக் கொண்டவர் என்று கூறுமளவுக்கு அவருடைய ஆதரவற்ற நிலையை அச்சொல் உணர்த்துகிறது.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காரைக்கால் மீனவக் குப்பங்களிலும் பல நூறு உயிர்கள் பறிபோயின. கடலிலிருந்து ஓடிவந்த மக்கள் முதலில் ஏறி நின்றது சாலையின்மேல்தான். உணவும் மருந்தும் வந்ததும் அதே சாலையில்தான். வடக்கே பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் மீனவக் குடும்பங்களுக்கு உணவளித்து அடைக்கலம் தந்ததை நாடே பாராட்டியது.

சாலையின் உரிமை

இன்று இச்சாலையின் தன்மை விரைந்து மாறி வருகிறது. நாகூருக்கு அருகே பனங்குடியில் 1993ல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை எழுந்தது. திருமலைராயன்பட்டினத்தை ஒட்டி 32.5 மெகாவாட் எரிவாயு மின் நிலையம் அமைந்தது. 2009ல் வாஞ்சூர்க் கடற்கரையில் காரைக்கால் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. நிலக்கரி ஏற்றிய கனரக வண்டிகள் இரவு பகலாக ஓடலாயின. நிலக்கரித் துகள் பறப்பது குறித்து நாகூர், பட்டினம் மக்கள் முறையிட்டும் வந்துள்ளனர். சட்டநாதபுரத்திலிருந்து காரைக்கால் வழியாக நாகப்பட்டினம் வரை 56 கிலோமீட்டரை நான்கு வழிச் சாலையாக்க, 2,426 கோடி ரூபாய் மதிப்பீட்டில், 2021 பிப்ரவரி 25 அன்று அடிக்கல் நாட்டப்பெற்றது. இவற்றால் வேலைவாய்ப்பும் விரைவும் கிடைக்கின்றன என்பதை நாம் மறுக்கவில்லை. நோயாளியை விரைந்து மருத்துவமனை சேர்ப்பதும் சாலையே.

ஆயினும் நாம் கேட்க விரும்புவது ஒன்றுண்டு. சாலைக்கும் உரிமை உண்டு என்று கற்பித்தது நம் மார்க்கம். வழியோரம் அமர்வோர் வழிக்குரிய கடமையைச் செலுத்த வேண்டும், பிறருக்குத் தீங்கு செய்யாதிருக்க வேண்டும், ஸலாமுக்கு மறுமொழி கூற வேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்துள்ளார்கள். வழியில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவதை ஈமானின் கிளைகளுள் ஒன்றாக எண்ணினார்கள். வழியின் அகலத்தைப் பற்றிப் பிணக்கு எழுந்தால் ஏழு முழம் விடுமாறு தீர்ப்பும் அளித்தார்கள். இராக்கில் ஒரு கோவேறு கழுதை கால் இடறினாலும், பாதையை ஏன் செப்பனிடவில்லை என்று தம்மிடம் கேள்வி கேட்கப்படுமே என்று அஞ்சியவர் கலீபா உமர் (ரலி) அவர்கள். கலீபா ஹாரூன் ரஷீதின் துணைவியார் சுபைதா அம்மையார் கூஃபாவிலிருந்து மக்கா செல்லும் பாலைவழியில் கிணறுகளும் நீர்நிலைகளும் அமைத்தார். ஆயிரத்திருநூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் அவ்வழி அவர் பெயரால்தான் வழங்குகிறது.

இந்த அளவுகோலால் நம் நாகூர்ச் சாலையை அளந்து பார்த்தல் வேண்டும். அகலமான சாலையில் நடப்போருக்கென ஒரு பாதை உண்டா? இரவில் நடக்கும் யாத்திரிகருக்கு வெளிச்சம் உண்டா? புதிய சாலை ஊர்களை விலகிச் செல்லும் இடங்களில், பழைய சாலையோரத்துக் குளங்களும் மரங்களும் சத்திரங்களும் கேட்பாரற்றுப் போகாமல் காப்பவர் யார்? நம் முன்னோர் வழிப்போக்கருக்காக வக்ஃபு செய்த கிணறும் தோப்பும் எவ்வளவு, எங்கே உள்ளன என்பதை எழுதி வைத்துள்ள ஜமாஅத்துகள் எத்தனை? எழுத்தில் இல்லாத வக்ஃபு, நில அளவையின்போது எவருடைய கண்ணிலும் படாது. கண்ணில் படாதது இழப்பீட்டுக் கணக்கிலும் ஏறாது.

ஆகவே காரைக்கால் முதல் நாகூர் வரையிலுள்ள ஒவ்வொரு மஹல்லாவும் ஒரு குறிப்பேட்டைத் தொடங்கும்படி நாம் வேண்டுகின்றோம். சாலையோரத்துப் பழைய பள்ளி, தைக்கா, மையவாடி, குளம், சுமைதாங்கிக் கல் ஆகியவற்றை இடம் குறித்து அதில் எழுதுக. ஊர் முதியோர் நினைவில் உள்ள ஓடத்துறை, சுங்கச் சாவடிச் செய்திகளையும் சேர்த்து எழுதுக. மதரஸா மாணவர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இப்பணியை ஒப்படைத்தால், அவர்கள் தம் ஊரின் வரலாற்றைத் தம் கால்களாலேயே கற்பார்கள். பட்டினத்திலும் போலகத்திலும் வாழும் பிற சமயத்து அண்டை வீட்டாரின் செய்திகளும் அதில் இடம்பெறட்டும். ஏனெனில் சாலை அனைவருக்கும் உரியது. அக்குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு அதிகாரிகளிடம் சென்றால், நடைபாதையும் நிழலும் கேட்பதற்கு நமக்கு வாயும் வகையும் இருக்கும்.

இப்னு குர்தாத்பிஹ் தம் நூலில் ஊருக்கு ஊர் தொலைவைக் கணக்கிட்டு எழுதிவைத்தார். அவர் பணிபுரிந்த பேரரசு மறைந்தது. அவர் எழுதிய தொலைவுகளைக் கொண்டு ஆய்வாளர் இன்றும் பழைய வழிகளைத் தேடிக் கண்டறிகின்றனர். காரைக்காலுக்கும் நாகூருக்கும் இடையிலுள்ள 12 கிலோமீட்டரையேனும் நாம் எழுதி வைப்போமாக. வழிப்போக்கர் அனைவருக்கும் நலமான பயணத்தை வல்ல நாயன் அருள்வானாக! ஆமீன்.